சின்ன வயசு சூழலும் ஐபிடியும்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

குழந்தைங்களுக்கான குடல் நோய் பிரிவுல டயட்டீஷியனா இருக்கேன். ஐபிடின்னா இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ், குடல்ல நாள்பட்ட அழற்சி வர்ற நோய். சாப்பாட்டு சார்ட் போட்டுக் குடுக்கறதுதான் என் வேலை, ஆனா சார்ட்டக் கையில வாங்கின உடனே அப்பா அம்மா கேக்குற முதல் கேள்வி சாப்பாட்டப் பத்தி இருக்காது, "சின்னதுல நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா மேடம்?"னுதான் இருக்கும். அதுவே வேற வேற மாதிரி வந்துட்டே இருக்குறதால எல்லாத்தயும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விங்கள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மருந்து ஆரம்பிக்கறது, நிறுத்தறது எல்லாம் உங்க டாக்டர்கிட்டதான்.

ஐபிடி, ஐபிஎஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. ஐபிஎஸ்ல (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) குடல் வேலை செய்யுற விதத்துலதான் கோளாறு, ஸ்கோப் (கேமரா வச்ச குழாய்) விட்டுப் பாத்தா குடல் சுவர் நல்லாத்தான் தெரியும். ஐபிடில நெஜமாவே அழற்சி இருக்கும், புண் இருக்கும், நெறைய பேருக்கு மலத்துல ரத்தம் போகும், பசங்களா இருந்தா எடை ஏறாது, வளர்த்தி நின்னுரும். இதுல பெரிய வகை ரெண்டு. க்ரோன்ஸ் வாய்ல ஆரம்பிச்சு ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரும், சுவரோட முழு ஆழத்துக்கும் போகும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடல்ல மட்டும், அதுவும் உள் படலத்துல.

இந்த ரெண்டயும் பிரிச்சு ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா கீழ வர்ற பல விஷயம் ஒண்ணுக்குப் பொருந்தும், இன்னொண்ணுக்குப் பொருந்தாது.

எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே, இது பரம்பரை வியாதின்னுதான சொல்றாங்க?

பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2001ல நாட்2ங்கற ஜீனுக்கும் க்ரோன்ஸுக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் 200க்கு மேல ஜீன் இடங்கள் சேந்துடுச்சு. ஆனா ஒரே கருவுல பிறந்த இரட்டையர எடுத்துக்கிட்டா, ஜீன் அச்சு அசலா ஒண்ணு, ஒருத்தருக்கு க்ரோன்ஸ் வந்தா இன்னொருத்தருக்கும் வர்றது பத்துல மூணு முதல் அஞ்சு ஜோடிலதான். கோலைட்டிஸ்ல இன்னும் கம்மி, பத்துல ஒண்ணு ரெண்டு. மிச்ச பேருக்கு ஜீன் இருந்தும் வரல.

இன்னொண்ணு, இந்த நோய் ஒரு காலத்துல அபூர்வமா இருந்த நாடுங்கள்ல எல்லாம் ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள வேகமா ஏறிடுச்சு. 2017 கணக்குப்படி உலகத்துல சுமார் 68 லட்சம் பேருக்கு இருக்கு. ஜீன் அவ்ளோ சீக்கிரம் மாறாது. மாறினது நாம வாழுற விதமும் சுத்தி இருக்குறதும்தான். அதனால குடும்பத்துல யாருக்குமே இல்லாம முதல் ஆளா ஒரு குழந்தைக்கு வர்றது சர்வசாதாரணம், ஐபிடி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அப்படித்தான்.

சூழல்னா இப்ப இருக்குற சூழல் போதாதா, பிறந்தப்போ நடந்தத எதுக்கு இப்ப தோண்டறீங்க?

நோய் எதிர்ப்பு சக்தி எதப் பகையா பாக்கணும், எத விட்டுடணும்னு கத்துக்கற காலம் அது. குடல்ல இருக்குற கிருமிக் கூட்டம், மைக்ரோபயோம்னு சொல்றாங்களே, அது பிறந்ததுல இருந்து மாறி மாறி சுமார் 3 வயசுலதான் பெரியவங்களோடது மாதிரி ஒரு நிலைக்கு வருது. அந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வளரும்போது நடுவுல ஏதாவது இடிச்சா அதோட தடம் ரொம்ப நாள் நிக்கும்கறதுதான் இந்த மொத்த ஆராய்ச்சியோட அடிப்படை.

இத எலில அழகா காட்டியிருக்காங்க. கிருமியே இல்லாம வளத்த எலிங்களோட பெருங்குடல்ல ஒரு வகை எதிர்ப்பு அணு அளவுக்கு மீறி சேந்துடுது, கோலைட்டிஸ் தூண்டினா அதுங்களுக்குக் கடுமையா வருது. பிறந்த உடனே சாதாரண கிருமிங்கள உள்ள விட்டா அந்தப் பிரச்சன சரியாகிடுது. அதே கிருமிங்கள எலி வளந்ததுக்கு அப்பறம் விட்டா? பிரயோஜனமே இல்ல. 2012ல வந்தது இது. அப்பறம் 2019ல, பால்குடி மறக்குற நேரத்துல எலிக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்துப் பாத்தாங்க, ஜன்னல் மாதிரி கொஞ்ச காலம் மட்டும் திறந்திருக்கற அந்த சில நாள்ல தடங்கல் வந்த எலிங்களுக்குப் பின்னால குடல் அழற்சி அதிகமா வந்துச்சு. எந்த வயசுல நடக்குதுங்கறதும் என்ன நடக்குதுங்கற அளவுக்கு முக்கியம்.

எலிக்கு சரி மேடம், மனுஷனுக்கு இப்படி நடக்குதுன்னு எப்படி சொல்றீங்க?

மனுஷக் குழந்தைய கிருமி இல்லாத பெட்டில வச்சு வளக்க முடியாதே. அதனால புலம்பெயந்தவங்களப் பாக்குறாங்க. எனக்கு இதுதான் இருக்குறதுலயே வலுவான சான்றா தோணுது. கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 2015ல வெளியான ஆராய்ச்சி, ஐபிடி கம்மியா இருக்குற நாடுங்கள்ல இருந்து அங்க போனவங்கள எந்த வயசுல போய் இறங்கினாங்கன்னு பிரிச்சுப் பாத்தாங்க. போன வயசு பத்து வருஷம் கொறையக் கொறைய ரிஸ்க் 14 சதவீதம் ஏறுது. பெரியவரா போனவர் பழைய ஊர் ரிஸ்க்கயே பெரும்பாலும் தூக்கிட்டுப் போறார், சின்னதா போனது புது ஊர் ரிஸ்க் பக்கம் நகருது. தெற்காசியாலருந்து போனவங்களுக்கு அங்கயே பிறந்த பசங்களுக்கு, அந்த ஊர்க்காரங்க பசங்க அளவுக்கே ஐபிடி வந்துச்சு.

ஜீன் அதேதான், வீடும் அதே வீடு, ஒரே குடும்பத்துல அண்ணனுக்கும் தம்பிக்கும் கூட போன வயசு வேற. சின்ன வயசுக்கு எடை அதிகம்னு சொல்ல இதவிட நேரடியான வழி கெடைக்காது.

பாப்பாவுக்கு எட்டு மாசத்துல காது இன்ஃபெக்ஷனுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தோம், அதனாலதான் க்ரோன்ஸ் வந்துச்சா?

இதான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். சின்ன வயசு ஆன்டிபயாட்டிக்குக்கும் ஐபிடிக்கும், முக்கியமா க்ரோன்ஸுக்கும், தொடர்பு இருக்குன்னு பல நாட்டு ஆராய்ச்சில வந்திருக்கு. பிரிட்டன்ல 10 லட்சம் குழந்தைங்களுக்கு மேல ரெக்கார்ட் எடுத்து 2012ல ஒண்ணு வந்துச்சு. காத்தில்லாத இடத்துல வாழுற குடல் கிருமிகள அடிக்கிற ஆன்டிபயாட்டிக்குகள அதுல பாத்தாங்க, சாதாரணமா எழுதித் தர்ற அமாக்ஸிசிலினும் அதுல அடக்கம். ஒரு வயசுக்குள்ள எடுத்தவங்களுக்கு ரிஸ்க் 5 மடங்குக்கு மேல, 5 வயசுக்குள்ளன்னா இரண்டரை மடங்கு, 15க்குள்ளன்னா ஒண்ணரை. எத்தன தடவ எடுத்தாங்களோ அதுக்கேத்த மாதிரி ரிஸ்க்கும் ஏறுது.

அஞ்சு மடங்குன்னு படிச்சதும் வயித்துல புளியக் கரைக்கும், தெரியும். அதே ஆராய்ச்சில இருக்குற இன்னொரு எண்ணயும் பாருங்க. ஆன்டிபயாட்டிக் எடுக்காத பசங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேர்ல 0.83 பேருக்கு ஐபிடி வந்துச்சு, எடுத்தவங்கள்ல 1.52 பேருக்கு. அதாவது பத்தாயிரம் பசங்க எடுத்தா, ஒரு வருஷத்துக்குக் கூடுதலா ஒரு ஆள் கூட இல்ல. மடங்கு பெருசு, அடிப்படை எண் ரொம்பச் சின்னது. ஆன்டிபயாட்டிக் எடுத்த கிட்டத்தட்ட எல்லா குழந்தையும் நல்லாத்தான் இருக்கு. எடுக்காத குழந்தைக்கும் வருது. உங்க பாப்பாவுக்கு அந்த ஒரு கோர்ஸ்தான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது, சொல்றவங்கள நம்பாதீங்க.

அப்ப இனிமே டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினா வேணாம்னு சொல்லிடலாமா?

வேணாம். நிமோனியா, மூளைக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இதெல்லாம் வந்த கைக்குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் உயிரக் காப்பாத்துற மருந்து, மேல சொன்ன பத்தாயிரத்துல ஒண்ணுங்கற கணக்கு அதுக்குப் பக்கத்துல கூட வராது. ஆனா சளி, சாதாரண வைரல் காய்ச்சலுக்கு அது வேலையே செய்யாது. "இது பாக்டீரியாவா வைரஸா டாக்டர், ரெண்டு நாள் பாத்துட்டு குடுக்கலாமா?"ன்னு கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோச்சுக்க மாட்டார். போன தடவ மிச்சம் இருந்த சிரப்ப நீங்களா எடுத்து ஊத்துறத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

ஆன்டிபயாட்டிக் காரணமா, இல்ல அடிக்கடி இன்ஃபெக்ஷன் வர்ற உடம்புக்குத்தான் ஐபிடியும் வருதா? எது முன்னாடி எது பின்னாடி?

நல்ல கேள்வி, ஆராய்ச்சி பண்றவங்களே மண்டையப் பிச்சுக்கற இடம் இது. க்ரோன்ஸ் வர்றவங்க ரத்தத்துல, நோய்னு தெரியறதுக்கு பல வருஷம் முன்னாடியே சில ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி உண்டாக்குற புரதம்) தென்பட ஆரம்பிச்சிடுது. அப்ப நோய் சத்தமில்லாம ஓடிட்டு இருந்த காலத்துல வந்த வயித்துப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்திருந்தா, விளைவப் போய் காரணம்னு நாம எழுதி வச்சிடுவோம்.

இதப் பிரிக்க ஸ்வீடன்ல ஒரு வழி பண்ணாங்க. நோய் வந்தவங்கள ஊர் ஆளுங்களோட ஒப்பிட்டா ஆன்டிபயாட்டிக்கோட தொடர்பு 1.88 மடங்குன்னு வந்துச்சு. அதே ஆளுங்கள அவங்க கூடப் பிறந்தவங்களோட ஒப்பிட்டப்போ அது 1.35க்கு இறங்கிடுச்சு. ஒரே வீடு, பாதி ஜீன் பொது, அதக் கழிச்சதும் நெறைய கரைஞ்சு போச்சு, ஆனா முழுசா கரையல. இது சின்னக் குழந்தைங்கள மட்டும் வச்சு எடுத்த கணக்கு இல்ல. என் கணிப்பு, ஆன்டிபயாட்டிக்குக்கு உண்மையிலயே ஒரு பங்கு இருக்கு, ஆனா தலைப்புச் செய்தில வர்ற அளவுக்கு இல்ல.

கர்ப்பமா இருந்தப்ப எனக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, அது கணக்குல வருமா?

வரலாம். ஸ்வீடன்லயே 2019ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, கர்ப்பத்துல அம்மா ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தா குழந்தைக்கு 6 வயசுக்குள்ள வர்ற ஐபிடியோட ரிஸ்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தெரிஞ்சுது. வேடிக்க என்னன்னா, அதே ஆராய்ச்சில குழந்தை தானே எடுத்த ஆன்டிபயாட்டிக்குக்குத் தொடர்பு தெரியல. பிரிட்டன் முடிவுக்கு இது நேர் எதிர். ஒரே ஒரு ஆராய்ச்சிய வச்சு முடிவுக்கு வராதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

6 வயசுக்குள்ள வர்ற ஐபிடியே ரொம்ப அபூர்வம், அதோட ரெண்டு மடங்கும் அபூர்வம்தான். கர்ப்பத்துல சிறுநீர்த் தொற்ற வைத்தியம் பண்ணாம விட்டா அம்மாவுக்கும் குழந்தைக்கும் அப்பவே ஆபத்து. சரியாத்தான் பண்ணியிருக்கீங்க.

சிசேரியன்ல பிறந்தா ஐபிடி வருமாமே?

பெருசா இல்ல. அம்மாவோட பிறப்புறுப்புக் கிருமிங்க குழந்தைக்குக் கெடைக்காம போறது உண்மைதான், அதனால தொடர்பு இருக்கும்னு எதிர்பாத்துத் தேடினாங்க. டென்மார்க்ல லேசா ஒரு கூடுதல் தெரிஞ்சுது, எல்லா ஆராய்ச்சியயும் சேத்துப் பாத்தப்போ எதுவும் நிக்கல. சிசேரியன நெனச்சு யாரும் தூக்கத்தக் கெடுத்துக்க வேணாம்.

தாய்ப்பால் எனக்கு மூணு மாசத்துலயே நின்னு போச்சு. ஃபார்முலா குடுத்ததுதான் காரணம்னு மாமியார் சொல்றாங்க.

மாமியார்கிட்ட இந்தப் பக்கத்தக் காட்டுங்க. 2017ல 35 ஆராய்ச்சிங்கள ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு தொகுப்பு வந்துச்சு. தாய்ப்பால் குடிச்ச குழந்தைங்களுக்கு க்ரோன்ஸ் ரிஸ்க் சுமார் 29 சதவீதம், கோலைட்டிஸ் ரிஸ்க் சுமார் 22 சதவீதம் கம்மி. ஒரு வருஷத்துக்கு மேல குடிச்சவங்களுக்குக் கொறைவு இன்னும் பெருசா தெரிஞ்சுது. சோ, தாய்ப்பால் பாதுகாப்பு குடுக்குதுங்கறது நெஜம். முடிஞ்சவங்க குடுங்க, எத்தன மாசம் முடியுதோ அத்தன மாசம்.

ஆனா அந்த ஆராய்ச்சிங்கள்ல பாதிக்கு மேல, நோய் வந்ததுக்கு அப்பறம் அம்மாவக் கூப்பிட்டு "இருவது வருஷம் முன்னாடி எத்தன மாசம் பால் குடுத்தீங்க?"ன்னு கேட்டு எழுதினது. ஞாபகம் நழுவும், அதுவும் குற்ற உணர்ச்சியோட யோசிக்கறவங்களுக்கு ஒரு பக்கமாவே நழுவும். பால் சுரக்காம போறது, வேலைக்குத் திரும்ப வேண்டி வர்றது, அம்மாவுக்கே உடம்பு முடியாம போறது எல்லாம் யாரும் ஆசப்பட்டுப் பண்றதில்ல. ஃபார்முலா குடிச்சு வளந்தவங்கள்ல ரொம்ப ரொம்பப் பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதே இல்ல.

திட உணவு ஆரம்பிச்சதுக்கப்பறம் எதக் குடுத்தா நல்லது?

இது என் ஏரியா. நார்வேலயும் ஸ்வீடன்லயும் 81,280 குழந்தைங்கள ஒரு வயசுல என்ன சாப்புடறாங்கன்னு எழுதி வச்சு வருஷக்கணக்கா பின்தொடந்தாங்க, 307 பேருக்கு ஐபிடி வந்துச்சு, முடிவு 2024ல வெளியாச்சு. இதுல ஒரு பெரிய நல்ல விஷயம், சாப்பாட்டப் பத்தி நோய் வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க, மேல சொன்ன ஞாபகப் பிரச்சன இல்ல. ஒரு வயசுல காய்கறி, பழம், மீன், பால் பொருள்னு தரமான சாப்பாடு சாப்பிட்ட குழந்தைங்களுக்கு ரிஸ்க் சுமார் 25 சதவீதம் கம்மி. சர்க்கர போட்ட பானம் குடிச்சதுங்களுக்கு 42 சதவீதம் கூட. மீன் நெறைய சாப்பிட்டவங்களுக்கு குறிப்பா கோலைட்டிஸ் கம்மியா வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், மூணு வயசுல அதே குழந்தைங்க சாப்பாட்டப் பாத்தப்போ மீனத் தவிர வேற எதுக்கும் தொடர்பு தெரியல. ஒரு வயசுல இருந்த எடை மூணு வயசுல இல்ல. எலில பாத்த அந்த ஜன்னல் சமாச்சாரம் இங்கயும் எட்டிப் பாக்குது.

ஒரு வயசுக் குழந்தைக்கு பாட்டில்ல கூல்ட்ரிங்க்ஸோ பாக்கெட் ஜூஸோ ஊத்திக் குடுக்க எந்தக் காரணமும் கெடையாது, ஐபிடி இருந்தாலும் இல்லாட்டாலும். மீன் சாப்பிடாத குடும்பமா இருந்தா காய்கறிய வித விதமா குடுங்க, அதுக்கும் நல்ல பலன் தெரிஞ்சுது.

வீட்டுக்காரர் பால்கனில நின்னுதான் சிகரெட் குடிப்பார், அது பரவால்லயா?

பரவால்லன்னு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல அடுத்தவங்க புகைய சுவாசிக்கறதுக்கும் ஐபிடிக்கும் தொடர்பு பல ஆராய்ச்சில திரும்பத் திரும்ப வருது. ஐபிடிய விட்டுடுவோம், ஆஸ்துமா, காது இன்ஃபெக்ஷன், தொட்டில் மரணம் (கைக்குழந்தை தூக்கத்துலயே திடீர்னு இறந்து போறது) இதுக்கெல்லாம் புகைக்குப் பங்கு இருக்குன்னு எப்பவோ முடிவாகிடுச்சு. காது இன்ஃபெக்ஷன் வந்தா அடுத்து என்ன, ஆன்டிபயாட்டிக். ஒண்ணு ஒண்ணோட கோத்துக்கிட்டு வருது பாருங்க.

"சிகரெட் புடிச்சா கோலைட்டிஸ் வராதாமே"ன்னு ஒருத்தர் சிரிச்சுகிட்டே கேட்டார். பெரியவங்கள்ல புகைபிடிக்கறவங்களுக்கு கோலைட்டிஸ் கம்மியா வர்றது உண்மை, அதே ஆளுங்களுக்கு க்ரோன்ஸ் அதிகமா வருது, வந்தா மோசமா வருது. நுரையீரல், இதயம் எல்லாம் தனிக் கணக்கு.

ரொம்ப சுத்தமா வளத்ததுதான் தப்பா? மண்ணுல விளையாட விட்டிருக்கணுமா?

மண்ணுல வெளையாட விடுங்க, ஆனா கை கழுவறத விடாதீங்க. கிருமியோட பழக்கம் கம்மியாகிப் போனா எதிர்ப்பு சக்தி தறிகெட்டுப் போகும்கற கருத்துக்கு ஐபிடில ஓரளவு ஆதாரம் இருக்கு. கனடாலருந்து ஜெம்னு ஒரு திட்டம் ஓடுது, க்ரோன்ஸ் உள்ளவங்களோட ஆரோக்கியமான கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்கன்னு ஆயிரக்கணக்கான பேரப் பின்தொடர்றாங்க. 5 முதல் 15 வயசுக்குள்ள வீட்டுல நாய் இருந்தவங்களுக்கும், பிறந்த முதல் வருஷம் வீட்டுல மூணு பேருக்கு மேல இருந்தவங்களுக்கும் பின்னாடி க்ரோன்ஸ் கம்மியா வந்துச்சு. நாய் வளத்தவங்களோட குடல் சுவர்க் கசிவும் கம்மி. பூனைக்கு அப்படி ஒண்ணும் தெரியல, பூனை வச்சிருக்கறவங்க மன்னிக்கணும்.

கிராமமும் இதே கதைதான். கனடால நாலு மாகாணத்த சேத்துப் பாத்தப்போ 10 வயசுக்குள்ள இருக்குற கிராமத்துப் பசங்களுக்கு நகரத்துப் பசங்கள விட ஐபிடி 40 சதவீதத்துக்கு மேல கம்மி, வயசு ஏற ஏற அந்த வித்தியாசம் கொறைஞ்சுகிட்டே வந்துச்சு. மரம் செடி பக்கத்துல வளர்றதா, காத்து சுத்தமா இருக்கறதா, ஆடு மாடா, எதுன்னு பிரிக்கறது கஷ்டம். இதுக்காக அழுக்குத் தண்ணி குடிக்க விடணும்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, வயித்துப்போக்குல போற குழந்தைங்க எண்ணிக்க ஐபிடி வர்ற குழந்தைங்கள விடப் பல மடங்கு.

தடுப்பூசியால வருதுன்னு ஒரு வீடியோ பாத்தோம்.

வராது. தட்டம்மை தடுப்பூசியயும் குடல் அழற்சியயும் சேத்து 1990கள்ல கெளப்பி விட்டாங்க, 1998ல ஆட்டிசத்தயும் சேத்து வந்த அந்தக் கட்டுரைய 2010ல அந்தப் பத்திரிகையே திரும்ப வாங்கிடுச்சு. அதுக்கப்பறம் நடந்த பெரிய ஆராய்ச்சி எதுலயும் குழந்தைப் பருவத் தடுப்பூசிக்கும் ஐபிடிக்கும் தொடர்பு இல்ல. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

ஈயம், பிளாஸ்டிக், கெமிக்கல் இதெல்லாம்?

ஒரு சுவாரசியமான விஷயம் சொல்றேன். பால் பல்லு மரத்துல வளையம் விழற மாதிரி அடுக்கடுக்கா வளருது, வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சுடும். விழுந்த பல்ல வெட்டி லேசர் வச்சு சுரண்டினா எந்த மாசத்துல எந்த உலோகம் உடம்புக்குள்ள போச்சுன்னு படிச்சுடலாம். 2020ல, பின்னாடி ஐபிடி வந்தவங்க பத்திரமா வச்சிருந்த பால் பல்லுங்கள எடுத்து இப்படிப் பாத்தாங்க, ஈயம் மாதிரி சில உலோகம் அவங்க பல்லுல கூடுதலா இருந்துச்சு. ரொம்பச் சின்ன ஆராய்ச்சி, விரல் விட்டு எண்ணுற அளவு ஆளுங்க. முடிவா எடுத்துக்க முடியாது, ஆனா யாரோட ஞாபகத்தயும் நம்பாம பழைய காலத்தப் படிக்க ஒரு வழி கெடைச்சிருக்கு, அதுதான் இதுல பெரிசு.

எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க உணவுல சேக்குற எமல்சிஃபயர் எலிக்குக் குடல் அழற்சிய அதிகமாக்கினது 2015ல வந்துச்சு. கைக்குழந்தைங்கள வச்சு அந்த மாதிரி உறுதியான சான்று இல்ல. பாக்கெட் உணவக் கொறைக்கச் சொல்ல எனக்கு எலி தேவையில்ல.

ரெண்டு பிள்ளைங்களயும் ஒரே மாதிரிதான வளத்தோம், ஏன் சின்னவனுக்கு மட்டும்?

ஒரே மாதிரின்னு நாம நெனைக்கறோம். பெரியவன் பிறந்தப்போ வீட்டுல ரெண்டு பேர், சின்னவன் பிறந்தப்போ மூணு. எந்த வயசுல எந்தக் காய்ச்சல், எந்த மாசத்துல எந்த மருந்து, பால் எத்தன மாசம் எல்லாம் வேற. ஜீன்லயும் பாதிதான் பொது. அதுக்கு மேல ஒரு பங்கு தற்செயல், இரட்டையர் கதைல பாத்தோமே, ஜீன் ஒண்ணா இருந்து ஒரே வீட்டுல வளந்தும் ஒருத்தருக்கு வருது ஒருத்தருக்கு வரல.

என் பொண்ணுக்கு ஒண்ணரை வயசுலயே வந்துடுச்சு, அப்ப எவ்ளோ மோசமான சூழல் இருந்திருக்கணும்?

நேர் தலைகீழ். அவ்ளோ சின்ன வயசுல வந்தா முதல்ல ஜீனத்தான் சந்தேகப்படணும். 6 வயசுக்குள்ள வர்றத தனி வகையா வச்சிருக்காங்க, அதுலயும் 2 வயசுக்குள்ளன்னா ஒரே ஒரு ஜீன் பழுதால வர்ற வாய்ப்பு இன்னும் அதிகம். ஐஎல்-10னு ஒரு தகவல் புரதம் அழற்சிய அடக்கும், அதோட ரிசெப்டர்ல பழுது இருந்தா கைக்குழந்தைக்கே கடுமையான குடல் அழற்சி வரும்னு 2009ல கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு குழந்தைக்கு ஸ்டெம் செல் மாத்தி குணமாச்சு. ஜீன் டெஸ்ட், எதிர்ப்பு சக்தி டெஸ்ட் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வைத்தியமே மாறலாம்.

அடுத்த குழந்தைக்கு வராம இருக்க ப்ரோபயாட்டிக் குடுக்கலாமா?

ப்ரோபயாட்டிக்னா நல்ல கிருமின்னு சொல்லி டப்பால விக்கறது, ஐபிடியத் தடுக்கும்னு காட்டினது அதுல எதுவும் இல்ல. டப்பா மேல இருக்குற எழுத்துக்கும் உள்ள இருக்குற கிருமிக்கும் சம்பந்தம் இருக்குமான்னே சந்தேகம். குறைமாசக் குழந்தையா இருந்தா டாக்டர் சொல்லாம தொடவே கூடாது, 2023ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்காகவே எச்சரிக்க விட்டுச்சு, ப்ரோபயாட்டிக் கிருமியே ரத்தத்துல ஏறி ஒரு குழந்தை இறந்ததுக்கப்பறம்.

அண்ணனுக்கு அக்காவுக்கு இருந்தா ரிஸ்க் மத்தவங்கள விட சில மடங்கு கூடத்தான், ஆனா கூடப்பிறந்தவங்க பெரும்பாலானவங்களுக்கு வராது. மேல சொன்ன தாய்ப்பால், காய்கறி, புகை இல்லாத வீடு, தேவைக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக், இதுக்கு மேல ஸ்பெஷலா ஒண்ணும் வாங்க வேண்டியதில்ல.

எனக்கே க்ரோன்ஸ் இருக்கு, இப்ப மூணு மாசம். குழந்தைக்கு ஆகாதுன்னு மருந்த நிறுத்திடட்டுமா?

நீங்களா நிறுத்தாதீங்க. கர்ப்பத்துல நோய் கெளம்பறதுதான் பெரிய ஆபத்து, குறைப்பிரசவம், எடை குறைவு எல்லாம் அதனாலதான் அதிகம் வருது. பெரும்பாலான மருந்துங்கள, பயோலாஜிக்ஸ் (உயிரணுல தயாரிக்கற ஊசி மருந்துங்க) உட்பட, தொடரச் சொல்வாங்க. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் கண்டிப்பா ஆகாது, கர்ப்பத்துக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கணும், டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரைங்களயும் தவிர்க்கச் சொல்றாங்க. இதுல எது எடுத்துட்டிருந்தாலும் இன்னிக்கே ஃபோன் போடுங்க.

உங்க குடல் கிருமிங்களும் குழந்தைக்குப் போகும். ஐபிடி உள்ள அம்மாங்களோட குழந்தைங்களுக்கு முதல் மூணு மாசம் வரைக்கும் குடல் கிருமி வகை கம்மியா, நல்ல கிருமின்னு சொல்ற பிஃபிடோபாக்டீரியா குறைவா இருந்தது 2020ல வெளியாச்சு. அதனால குழந்தைக்கு நோய் வரும்னு அர்த்தம் இல்ல, ஒரே ஒரு பெற்றோருக்கு இருந்தா பத்துல ஒம்பது பிள்ளைங்களுக்கு மேல வராது. நீங்க நல்லா இருந்து, முடிஞ்ச வரைக்கும் பால் குடுத்தா அதுவே பெரிய உதவி, பெரும்பாலான மருந்தோட பால் குடுக்கலாம்.

ஒண்ண மட்டும் மறந்துடாதீங்க. இன்ஃபிளிக்ஸிமாப் மாதிரி பயோலாஜிக்ஸ் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போய் பிறந்து பல மாசம் அதோட ரத்தத்துல நிக்கும். அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்டு, அந்தக் கிருமியே பரவி இறந்து போனது 2010ல பதிவாகியிருக்கு. அதனால பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, கர்ப்பத்துல எந்த மருந்து, கடைசி டோஸ் எந்தத் தேதின்னு ஒரு தாள்ல எழுதி ஃபைல் மேலயே குத்தி வச்சிடுங்க. பிசிஜி, ரோட்டாவைரஸ் மாதிரி உயிருள்ள கிருமி இருக்குற மருந்துங்கள எப்ப குடுக்கலாம்னு குழந்தை டாக்டர் அதப் பாத்து முடிவு பண்ணட்டும். மத்த ஊசியெல்லாம் நேரத்துக்குப் போட்டுடலாம்.